பதினான்காம் ஸ்டேஷனின் பாட்டு

என் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டன. நோட்டீஸ் கிடையாது, பிரிவு உபசார விழா கிடையாது. ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போடப் போனேன். விரல் பொத்தானைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மற்ற மூன்று விரல்களும் ஒழுங்காக டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தன. ஓடிப்போன இரண்டும்தான் நான் பேஸ் கித்தார் வாசிக்கிற விரல்கள்.

பாட்டுக்கு அடியில் கனத்த குரலில் ஓடுகிற பேஸ் கித்தாரை வாசிக்கிறவன் என்றதும் நீளமுடி, கறுப்புக் கண்ணாடி என்று கற்பனையைக் கிளப்பிவிட வேண்டாம். முடி முன்னாலிருந்து பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. வயிறு முன்னேறிக்கொண்டிருக்கிறது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில், பதினான்காம் ஸ்டேஷனில், வண்டியின் அடிப்பாகத்துக்கு போல்ட் முடுக்குவது என் வேலை. முடுக்குகிற கருவிக்கு நாங்கள் வைத்த பெயர் கன். காற்றழுத்தத்தில் ஓடும். விசையை அழுத்தினால் டர்ர்ர் என்று முழங்கை வரைக்கும் உதறும். வருஷக்கணக்காக அதை வலது கையில் பிடித்திருந்தேன். அது என்னைப் பிடித்திருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் சர்ச்சில் பேஸ் வாசித்தவர் சவுதிக்குப் போய்விட்டார். கித்தார் சும்மா கிடந்தது. நானும் சும்மா கிடந்தேன். போதகர் இரண்டையும் சேர்த்து வைத்தார். இந்தக் கலைக்குள் நான் நுழைந்த வரலாறு அவ்வளவுதான். பிறகு ஐடிஐ முடித்து, வேலை தேடி இந்தப் பக்கம் வந்து, மண்ணூரில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடந்த காலத்தில்தான் டிரம்ஸ்காரன் எனக்குக் கிடைத்தான். மண்ணூர்க்காரன், விவசாயக் குடும்பம். என் கம்பெனியிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன்தான் ஒரு டீக்கடையில் தன் போனை என் காதில் வைத்து, “இத்த கேளு மச்சான், வூட்ல யார்ன்னா செத்துக் கெடந்தாக்கூட கால் ஆடும்” என்றான். அமெரிக்காவின் கறுப்பர்கள் வாசித்த ஃபங்க். நான் கேட்டேன். கால் ஆடியது. வீட்டில் யாரும் சாகவில்லை.

ஃபங்க் சங்கீதத்தில் ஒரே ஒரு சட்டம். முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். மற்ற அடிகளில் யார் எந்தத் தெருவுக்குப் போனாலும் கேள்வி இல்லை, அடுத்த முதல் அடிக்கு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். லைனில் வேலை செய்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்வேயர் நகர்வதற்குள் டீ குடிப்பானோ, மூக்கைச் சொறிவானோ, வண்டி தன் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கை அங்கே இருக்க வேண்டும்.

இங்கே ஃபங்க் வாசிக்க யார் கூப்பிடுவார்கள்? காதுகுத்து, ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு. கேட்பது எல்லாம் சினிமாப் பாட்டு. ஆகவே நாங்கள் ஒரு திருட்டு வேலை செய்தோம். மேலே சினிமாப் பாட்டு ஓடும். அதன் அடியில் நானும் டிரம்ஸ்காரனும் ஃபங்க் ஓட்டுவோம். பாடுவது என் மனைவி. அவளும் எங்கள் ஊர் சர்ச் கொயரில் பாடியவள்தான். ஸ்ரீபெரும்புதூரில் போன் அசெம்ப்ளி செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவளை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் கண்ணை மூடிப் பாடினால் மண்டபத்தில் பாயசம் பரிமாறுகிறவன்கூட வாளியோடு நின்றுவிடுவான். அதற்குப் பெயர் சோல், ஆத்மா என்று அர்த்தம் என்று டிரம்ஸ்காரன் சொன்னான். எங்கள் ஊர் சர்ச்சில் அதற்குப் பெயர் சாட்சி சொல்வது.

நாலாவது ஆள் கீபோர்டுக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஸ்பீக்கர், மைக், வண்டி எல்லாம் அவருடையவை என்பதால் குழுவும் அவருடையது. நல்ல மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அவருடைய இடது கை. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: பேஸ்காரன் வராவிட்டால் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடுவார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. நாட்டில் பாதி பேஸ்காரர்கள் கீபோர்டுக்காரர்களின் இடது கையால் வேலை இழந்தவர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான் அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நிற்பேன். அது எப்போதும் கொஞ்சம் ஓய்வாகவே இருக்கும். அந்த ஓய்வுதான் எனக்குப் பயம்.

விரல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் சொன்னால் டாக்டர் அன்ஃபிட் என்று எழுதிவிடுவாரோ என்று. குழுவில் சொன்னால் இடது கை விழித்துக்கொள்ளுமே என்று. வீட்டில் சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை, பழக்கம்தான். வருத்தப்பட வேண்டும் என்றுகூட ஒரு நாள் உட்கார்ந்து முயற்சி செய்தேன். வருத்தம் வரவில்லை. கம்பெனி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டேன். மரத்துப்போவது விரலோடு நிற்காது என்று நினைக்கிறேன். அது மெதுவாக உள்ளே குடிவந்துவிடும், வாடகைக்கு வந்தவன் மாதிரி.

வீட்டில் தெரிந்த விதம் கேவலமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கறி வாசம் வருது.”

“பக்கத்து வீடா இருக்கும்.”

“பக்கத்து வீட்டுல ஐயரு. நம்ம வீட்டுலதான் வருது. நாம இன்னைக்கு கறியே எடுக்கலயே.”

குனிந்து பார்த்தேன். என் இரண்டு விரல்களும் தோசைக்கல்லின் விளிம்பில் சாவகாசமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அவள் ஓடி வந்து கையைக் குழாயடியில் பிடித்தாள். “வலிக்கலயா?” என்றாள். இல்லை என்றேன். “இதை எப்பம் சொல்லுறதா இருந்தீக?”

“நல்லா வெந்த பிறகு.”

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரிக்காத சந்தர்ப்பங்களைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவு உண்டு. ஆனால் இது வேறு மாதிரி சிரிக்காமை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. ஒரு ரிசப்ஷனில் வாசித்து முடித்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கோட்டு போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். ஒரகடத்தில் கொரியா, ஜப்பான் என்ஜினியர்கள் தங்குகிற ஓர் ஓட்டலின் மேனேஜர். “பாட்டுக்கு அடியில ஒண்ணு ஓடுச்சே, அது என்னது?” என்றார். எத்தனையோ வருஷத்தில் எங்களிடம் அதைக் கேட்ட முதல் மனிதர். டிரம்ஸ்காரன் என் முதுகில் குத்தினான். ஓட்டலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் வாசிக்க ஒரு குழு வேண்டுமாம். மேலே உள்ள சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, அடியில் ஓடுவதை மட்டும் வாசிக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் கம்பெனியின் ஆயுத பூஜைக்கு நாங்கள்தான் வாசிப்போம், சாப்பாடு அவர் ஓட்டலிலிருந்துதான் வரும். அன்றைக்கு நாங்கள் அங்கே வாசிப்பதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஆக, வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒருவர் என் பேஸைக் கேட்டு வந்தார். வந்த நேரம் பார்த்து விரல்கள் லீவில்.

மண்ணூரில் டிரம்ஸ்காரன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அங்கேதான் ஒத்திகை. உணர்ச்சி இல்லாத விரல், தட்டிய பிறகும் தந்தியின் மேலேயே கிடந்தது. எனக்கு அது தெரியாது. அடுத்த விரல் தட்டும்போது ஸ்வரம் எழும்பாமல் டக் என்று செத்தது. ஃபங்கில் செத்த நோட் என்றே ஒரு வித்தை உண்டு. வேண்டுமென்றே தந்தியை அமுக்கி, ஸ்வரம் இல்லாமல் தட்டுவது. பெரிய கைகள் எல்லாம் வருஷக்கணக்காகச் சாதகம் செய்து பிடிக்கிற விஷயம். எனக்கு அது ஓசியில் வந்து விழுந்தது.

“இன்னா மச்சான், கையில இன்னாவோ புதுசா கீது! இப்பதான்பா நீ ஃபங்கு வாசிக்கிற!” என்று டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிக் கத்தினான். கீபோர்டுக்காரர்கூடத் தலையாட்டினார். என் மனைவி மைக்கைப் பிடித்தபடி தீய்ந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டை நான் பணிவோடு ஏற்றுக்கொண்டேன். சங்கீத உலகில் முதல் முறையாக எனக்கு ஒரு பாணி கிடைத்திருந்தது, நரம்பு செத்ததால்.

ஆனால் சாவு பெருகிக்கொண்டே போனது. முதலில் நாலு நோட்டுக்கு ஒன்று செத்தது. பிறகு ஒன்று பிழைத்தது, மற்றதெல்லாம் செத்தது. அன்று வீடு திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் காதருகே, “சொல்லிருங்க. இல்லாட்டா நான் சொல்லிருவேன்” என்றாள். “பூஜை முடியட்டும் பிள்ள” என்றேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஷிஃப்டில் லைனைக் கழுவித் துடைத்தோம். வாழைக்கன்று கட்டினார்கள். அவரவர் ஸ்டேஷனின் கருவிக்கு அவரவர்தான் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்பது எங்கள் லைனின் வழக்கம். என் விரலைத் தின்ற கன்னுக்கு, அது தின்ற விரலாலேயே பொட்டு வைத்தேன். சந்தனம் குளிர்ச்சியாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. பக்கத்து ஸ்டேஷன்காரன், “இன்னாணே, சர்ச்சுல கேட்டா இன்னா சொல்வ?” என்றான். “கன்னுக்குத்தாம்ல வச்சேன், எனக்கா வச்சேன்” என்றேன். கோபம்கூட வரவில்லை. பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது, அதைச் சரி செய்தேன்.

இந்த இடத்தில் எங்கள் லைனின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனின் மேலேயும் ஒரு கயிறு தொங்கும். வேலையில் ஏதாவது சிக்கல் என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அந்த ஸ்டேஷனுக்கென்று உள்ள ஒரு பாட்டு ஒலிக்கும். பொம்மைக் காரில் வருமே, அந்த மாதிரி பீப்பீ சங்கீதம். பாட்டைக் கேட்டதும் டீம் லீடர் எங்கே இருந்தாலும் ஓடி வர வேண்டும். வந்து அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்ன பிராப்ளம்?” யார் செய்தது, ஏன் செய்தாய் என்றெல்லாம் கேட்கக் கூடாது. டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்த சட்டம் இது. எங்கள் டீம் லீடர் அதைக் கடவுள் வாக்காகவே எடுத்துக்கொண்டவர். என்னைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அண்ணா. லைனில் வயது, பதவியைக் காட்டும் தொப்பியின் நிறத்தைப் பொறுத்தது.

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, கேன்டீன் ஷெட்டில் நாங்கள் ஏறினோம். லைன் நின்றிருந்தது. எல்லோர் கையிலும் தட்டில் சுண்டலும் பொரியும். ஓட்டல் மேனேஜர் சாம்பார் அண்டாக்களுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு சினிமாப் பாட்டு ஆனது. பிறகு அவருக்காக, சினிமா இல்லாமல், அடியில் ஓடுவதை மட்டும் தொடங்கினோம்.

முதல் அடியில் விழுந்தேன். இரண்டாவது சுற்றில் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்து கையையே பார்த்து வாசித்தேன். பார்ப்பவர்களுக்கு வெட்கப்படுகிறான் என்று தோன்றியிருக்கும். டக், டக், டக். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை குச்சியைத் தூக்கிக் கத்தவில்லை. கீபோர்டுக்காரரின் இடது கை மெதுவாக நகர்ந்து கட்டைகளின் இடது ஓரத்துக்கு வந்தது. அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன்.

விரல்களை மூடிக்கொண்டேன். கட்டை விரலில் இன்னும் உணர்ச்சி இருந்தது. அதை நீட்டித் தந்தியில் அடித்தேன். என்ன வாசிப்பது? மூளையில் ஒன்றும் இல்லை. உடம்பில் நன்றாகப் பதிந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான், அதுதான் வெளியே வந்தது. பதினான்காம் ஸ்டேஷனின் பாட்டு. பெரிய ஸ்பீக்கரில், கனத்த குரலில்.

டீம் லீடர் ஓட ஆரம்பித்தார்.

கையில் சுண்டல் தட்டோடு, லைன் இருக்கும் திசையில், நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார். அவர் பின்னாலேயே மெயின்டனன்ஸ்காரர்கள் இரண்டு பேர். கதவு வரைக்கும் போய்விட்டார்கள். லைன்தான் ஓடவில்லையே என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. மொத்த ஷெட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. “எங்க ஸ்டேஷன் போடுபா!” என்று ஒருத்தன் கத்தினான். “பெயின்ட் ஷாப்பு போடு!” கட்டை விரலாலேயே ஒவ்வொன்றாகப் போட்டேன். டிரம்ஸ்காரன் அடியில் வந்து பிடித்துக்கொண்டான். என் மனைவி அந்தப் பீப்பீ மெட்டுகளுக்கு வார்த்தை இல்லாமல், எங்கள் ஊர்ச் சாட்சிக் குரலில் பாடினாள். அது நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஏதோ தூரத்து மண்டபத்தில் நடப்பது போல் இருந்தது.

முடிந்ததும் டீம் லீடர் மேடை ஓரத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் சுண்டல். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கும் திட்டத்தான் ஆசை இருந்திருக்கும். ஆனால் பாட்டு கேட்டு ஓடி வந்த வாய் வேறொன்றுக்குப் பழகியிருந்தது.

“பதினாலு. இன்னா பிராப்ளம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு ஜோக் அடிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தேன், ஜோக் வரவில்லை.

“கை மரத்துப் போச்சுண்ணா. ரெண்டு விரல்ல ஒண்ணுமே தெரியல.”

“எவ்ளோ நாளா?”

“தெரியலண்ணா. நாளாச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை, சட்டம் அப்படி. என் கையைப் பிடித்து, தீய்ந்த தோலைத் திருப்பிப் பார்த்தார். என் மனைவி மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். கீபோர்டுக்காரர் காதில் எல்லாம் விழுந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையைத்தான் பார்த்தேன். அது மடியில் கிடந்தது.

கம்பெனி டாக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். நான் அவர் மேல் பரிதாபப்பட்டுச் சில இடங்களில் “ஆ” என்றேன். கன்னை விட்டால் இதற்கு மேல் மோசமாகாது, போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். அன்ஃபிட் என்று எழுதவில்லை. லைட் வேலை என்று எழுதினார்.

டீம் லீடர் எனக்காக அலைந்து ஒரு லைட் வேலை வாங்கினார். “கன்னு இல்ல, வெய்ட் இல்ல. சும்மா கதவைத் தடவிப் பாத்துட்டு அனுப்பு, போதும்” என்று பெருமையோடு கொண்டுபோய் விட்டார். கார்க் கதவின் தகட்டில் நெளிவோ பருவோ இருக்கிறதா என்று பஞ்சுக் கையுறை போட்டுத் தடவிக் கண்டுபிடிக்கிற வேலை. உணர்ச்சி செத்த விரல்காரனுக்கு இந்த உலகத்தில் இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. தடவினேன். எல்லாக் கதவும் வழவழ என்றுதான் இருந்தன. இடது கையை முயன்றேன். அதன் விரல் நுனிகளெல்லாம் தந்தி அழுத்தி அழுத்திக் காய்ப்பேறியவை. அதற்கும் எல்லாம் வழவழ. இந்த வட்டாரத்திலேயே மிகத் தாராள மனசுள்ள இன்ஸ்பெக்டர் நான்தான்.

அம்மைத் தழும்பு போல் குழி விழுந்த ஒரு கதவை நான் பாஸ் செய்து அனுப்பிய அன்று அவர் வந்தார். கதவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மெல்ல அவருக்கு விளங்கியது.

“யோவ். தொட்டா தெரியாதவன கூட்டாந்து தொட்டுப் பாக்குற வேலையில வுட்டுக்கீறேன். நீயாச்சும் சொல்லக் கூடாதா?”

“நீங்க பிராப்ளம் என்னன்னு கேக்கலியேண்ணா.”

அவர் தகட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். இப்போது பாகங்களை இழுத்துப் போகும் சின்ன டிராக்டர் ஓட்டுகிறேன். ஸ்டியரிங்குக்கு விரல் நுனி தேவையில்லை.

ஓட்டல் எங்களை எடுத்துக்கொண்டது. மேனேஜருக்கு அந்த ஸ்டேஷன் பாட்டுகள் பிடித்துவிட்டன. முதல் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கீபோர்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இதோ பாரு தம்பி, ஓடுற நோட்டெல்லாம் என் லெஃப்ட் ஹேண்டு பாத்துக்கும். மொத அடி மட்டும் நீ போடு. அதுக்குக் கட்ட வெரலு போதும்.” கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் சரி என்றேன். பயந்து பயந்து காத்த இடத்தில் முக்கால்வாசி போய்விட்டது. போன அன்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆக, எங்கள் குழுவில் ஒரு பேஸ் வேலைக்கு ஒன்றரை ஆள். நான் அந்த அரை.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடுகிறவர்கள் நடுவே எங்கள் லைனுக்கு வந்திருக்கும் ஒரு வெளிநாட்டு என்ஜினியர் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பதினான்காம் ஸ்டேஷனின் பாட்டுக்கு வந்தோம். மனிதர் கையில் ஸ்பூனோடு பாதி எழுந்துவிட்டார். அண்ணாந்து மஞ்சள் விளக்கைத் தேடினார். என் மனைவிக்குப் பாட்டின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. தோசைக்கல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் சிரித்ததும் டிரம்ஸ்காரன் சிரித்தான், கீபோர்டுக்காரரின் இரண்டு கையும் கட்டையை விட்டு எழுந்துவிட்டன. அடுத்த முதல் அடி வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை.

நான் இருந்தேன். கட்டை விரலால் போட்டேன். தந்தி கிண்ணென்று அதிர்ந்தது கட்டை விரலில் தெரிந்தது. மற்ற இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. என்ஜினியர் மெதுவாக உட்கார்ந்து சூப்பைத் தொடர்ந்தார்.